கிட்டங்கியில் நலங்கு

துடைத்த இடம் மறுபடியும் நனைந்திருந்தது.

"எம்புட்டுத் துடைச்சாலும் ஊறுது மொதலாளி," என்றாள் கூடத்தைச் சுத்தம் செய்யும் சைதூன். "மத்த எடமெல்லாம் காஞ்சுபோச்சு. இந்த ஒரு எடந்தான்."

கமலக்கண்ணன் குனிந்து பார்த்தார். கூடத்தின் நட்டநடுவில், ஒரு ஆள் சுருண்டு படுக்கிற அளவுக்கு ஈரம்.

"ஏசித் தண்ணியா இருக்கும். கம்பளத்தை இழுத்து மேல போடு. பொழுது சாய ஆளுக வந்துருவாக."

சொல்லிவிட்டு நிமிர்ந்தார். அந்த இடத்துக்கு மேலே ஏசி இல்லை.

மகள் சௌந்தர்யாவுக்கு மறுநாள் காலை முகூர்த்தம். அன்று சாயங்காலம் நலங்கு. திண்டுக்கல்லில் எத்தனையோ மண்டபம் இருக்க, புருஷன் எடுத்துக் கட்டிய சமுதாயக் கூடத்தில்தான் கல்யாணம் நடக்க வேண்டும் என்று அவர் மனைவி ஒற்றைக் காலில் நின்றாள். அவர் வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டாள். அவர் போய்க் கூடத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்தார்.

ஊரில் அதற்கு இன்னமும் துப்பாக்கிக் கிட்டங்கி என்றுதான் பெயர். வெள்ளைக்காரப் பட்டாளம் துப்பாக்கியும் வெடிமருந்தும் அடுக்கி வைத்த கட்டடம். பீரங்கிக்கும் அசையாத சுவர், கை மட்டும் நுழையும் சந்துகளாக ஜன்னல், நடுவில் மருந்துப் பீப்பாய்களை இறக்கி வைக்க ஒரு பாதாள அறை. பட்டாளம் போனபின் ஊர்ச்சனம் அதைத் தனதாக்கிக்கொண்டது. புயல் மழைக்கு ஒதுங்கியது, நெல் மூட்டை அடுக்கியது, ஓட்டுப் போட்டது, காதுகுத்து வைத்தது. கடைசியில், சில வருஷங்களுக்கு முன், பேரூராட்சி அதைப் புதுப்பிக்க முடிவெடுத்தது. வேலை கமலக்கண்ணனுக்கு வந்தது.

பாதாள அறையைக் கான்கிரீட் கொட்டி மூட வேண்டியிருந்தது. திறப்பு விழா நெருங்கிவிட்டது. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்த மதியத்தில், மிச்சக் கல்லை அள்ள உள்ளே இறங்கிய சித்தாள் மாயம்மாள் மேல் பழைய வளைவு இடிந்து விழுந்தது. அவள் சாகவில்லை.

"மொதலாளி, காலு மாட்டிக்கிச்சு. கை குடுங்க."

போலீஸ், கேஸ், நின்றுபோகும் வேலை என்று அவர் மனம் ஓடியது. வாசலில் நின்ற கலவை லாரியின் இரைச்சலில் டிரைவருக்கு எதுவும் கேட்கவில்லை. கமலக்கண்ணன் கையசைத்தார். குழாய் வழியே கலவை இறங்கியது.

பொழுது சாய்ந்து தேடி வந்த அவள் புருஷன் மலைச்சாமியிடம், "உம் பொண்டாட்டி எவன்கூடயோ பஸ் ஏறிட்டாளாம்லப்பா" என்றார். ஊர் முழுக்க அதே பேச்சானது. மலைச்சாமி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் ஊரைவிட்டே போனான்.

நலங்குக்குக் கூடமெங்கும் விளக்குகள் எரிந்தன. நிலக்கோட்டையிலிருந்து வந்த மல்லிகைச் சரங்கள் தூணுக்குத் தூண் தொங்க, பந்தியிலிருந்து நெய்யும் வறுத்த முந்திரியும் மணக்க, நாதஸ்வர ஓசை தடித்த சுவர்களில் முட்டித் திரும்பிவந்து காதுக்குள் இரைய, அத்தனைக்கும் அடியிலிருந்து மெல்ல மெல்ல நனைந்த சிமெண்டின் பச்சை வாடை எழுந்து வருவதைக் கமலக்கண்ணன் முகர்ந்தார்.

"ஏதாச்சும் வாடை அடிக்குதா?" என்று பக்கத்திலிருந்த சம்பந்தியிடம் கேட்டார்.

"பூ வாசம்தான். தூக்குதுல்ல?" என்று சிரித்தார் அவர்.

கம்பளத்தின் மேல் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடினார்கள். அவர்கள் ஓடிய தடமெல்லாம் சாம்பல் நிறத்தில் பாதங்கள். சின்னச் சின்னப் பாதங்கள். அவற்றுக்கிடையே ஒன்று மட்டும் பெரியது. இடது பாதம். அதற்கு ஜோடியில்லை, பக்கத்தில் எதையோ இழுத்துக்கொண்டு போன கோடு. கூடத்தின் நடுவில் தொடங்கி, மேடையை நோக்கி.

மேடையில் சௌந்தர்யா உட்கார்ந்திருந்தாள். பெண்கள் வரிசையாக ஏறி, கன்னத்தில் சந்தனம் பூசி, நெற்றியில் குங்குமம் வைத்து, வாயில் ஒரு சிட்டிகைச் சர்க்கரை போட்டு இறங்கினார்கள்.

வரிசையின் கடைசியில் ஒருத்தி.

சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை. தலையில் சும்மாடு. மயிர் கட்டி கட்டியாக ஒட்டிக்கிடந்தது.

யாரும் விலகவில்லை. யாரும் முகம் சுளிக்கவில்லை. அவர் மனைவி சிரித்த முகமாக அவளிடம் சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள். அவள் கிண்ணத்தைத் தொடவில்லை.

வெறுங்கையால் பூசினாள். சௌந்தர்யாவின் கன்னத்தில் சாம்பல் நிறம்.

"அவளைப் புடிங்க!" என்று கத்தினார் கமலக்கண்ணன். நாதஸ்வரம் உச்சத்தில் இருந்தது. யாரும் திரும்பவில்லை. ஓடக் காலெடுத்தார். கம்பளம் அமுங்கியது. கணுக்கால்வரை குளிர்ச்சி. இழுத்தார். வரவில்லை.

மேடையில் அவள் கை சௌந்தர்யாவின் வாயருகே போனது. சிட்டிகை இல்லை. கை நிறைய.

ஊட்டினாள். நிதானமாக. மறுபடியும். மறுபடியும்.

பிறகு திரும்பி அவரைப் பார்த்தாள். அத்தனை தூரத்திலிருந்து, அத்தனை இரைச்சலுக்குள், குரல் அவர் காதோரம் கேட்டது.

"நான் எவன்கூடப் போனேன், மொதலாளி?"

நாதஸ்வரம் நின்றது.

"பொண்ணு, இந்தப் பக்கம் பாத்துச் சிரிங்கம்மா," என்றார் போட்டோக்காரர்.

சௌந்தர்யா சிரிக்க வாயைத் திறந்தாள். பல் தெரியவில்லை. நாக்குத் தெரியவில்லை. உதடுவரை சாம்பல் நிறம் நிரம்பி, கொத்தனார் கரண்டியால் மட்டம் தட்டியதுபோல் வழவழவென்று இருந்தது. அதற்கு மேலே, அவள் கண்கள் மட்டும் அங்குமிங்கும் ஓடி அப்பாவைத் தேடின.