சுவரில் இல்லாத கட்டம்

பிற்பகல் 3.05. வயலின் பழுதுபார்க்கும் அந்தக் கடையின் முதலாளி போட்ட அலறலில் தெருக்கோடித் தையல்கடையில் இரண்டு ஊசிகள் முறிந்தன. மூன்றாவது ஊசியைப் பற்றி இன்னும் வழக்கு நடக்கிறது.

கண்ணாடி அலமாரி காலி. நூற்றிருபது வயது வயலின் ஒன்று அதில் இருந்திருக்க வேண்டும். ஆறு மணிக்கு அதன் சொந்தக்காரர் வாங்க வருவார். அலமாரிக்குப் பூட்டு கிடையாது. பூட்டு எதற்கு, அதுதான் கேமரா இருக்கிறதே! மூன்று மாதத்துக்கு முன் மாட்டிய புத்திசாலிக் கேமரா. அலமாரி இருக்கும் மூலையில் எது அசைந்தாலும் அரை நிமிடம் பதிவு செய்து, முதலாளியின் போனுக்குச் சேதி அனுப்பும். ஆளா, பூனையா, சும்மா அசைவா என்று பிரித்தும் சொல்லும். கொட்டாவி விட்டால் எத்தனை பல் என்றுகூடச் சொல்லும் என்பது முதலாளியின் கட்சி.

இன்று அது பார்த்த ஆள் ஒரே ஒருவர். காலை 8.02. கையில் தூசித் துணியோடு காவல்காரம்மா.

3.20. முதலாளி அந்தப் படத்தை வியாபாரிகள் குழுவுக்கு அனுப்பிவிட்டார். கீழே ஒரே வார்த்தை: திருடி. ஒன்பது வருட வேலை, ஒரு விரல் தட்டலில் போயிற்று.

3.40. இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார். எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பதால் ஸ்டேஷனில் அவருக்கு ‘ஏனம்மா’ என்று பெயர்.

“கேமரா பொய் சொல்லாது மேடம்,” என்றார் முதலாளி.

“சொல்லாது. ஆனா கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். போனைக் குடுங்க.”

போனில் மூலையின் படம் ஓடியது. இடது ஓரத்தில் சுவர்க் கடிகாரம், பாதி மட்டும். அதன் பக்கத்தில் தலையாட்டும் மின்விசிறி. நடுவில் அலமாரி, அதை ஒட்டியே பாலிஷ் அறையின் கதவு. சேதிப் பட்டியல் ரயில் மாதிரி நீண்டது.

“இதெல்லாம் என்ன?”

“வெறும் அசைவு மேடம். ஃபேன் ஆடுறதைப் பார்த்துட்டுக் கத்துது. இன்னைக்கு மட்டும் நூத்தி முப்பத்தேழு. சத்தத்தை அமுக்கி வெச்சுட்டேன்.”

“நேத்து எத்தனை?”

முதலாளி தலையைச் சொறிந்தார். “நேத்து... ஒண்ணுமில்லை.”

“ஏன்?”

முதலாளி கேமராவை அண்ணாந்து பார்த்தார். ஏனம்மா பட்டியலின் அடிக்குப் போனார். “8.31. ‘கண் மறைப்பு’னு போட்டிருக்கே?”

“அது நான்தான்,” என்று முன்வந்தார் முதலாளியின் மச்சான். கடையில் அவருக்கு வேலை மேற்பார்வை. மற்றவர்கள் வேலை செய்வதைப் பார்த்தே களைத்துப்போகிறவர். “சிலந்தி வலை மேடம். துடைச்சேன். நல்லது செஞ்சா குத்தமா?”

“குத்தமில்லை. வேற யாரும் எதையும் தொட்டீங்களா?”

“நான் அந்தக் கதவுப் பக்கமே போறதில்லை,” என்றார் பாலிஷ்காரர். “திறந்தா கேமரா கத்தும், முதலாளி அதைவிட அதிகமாக் கத்துவாரு. டீ குடிக்கக்கூட என் அறையோட பின்வாசல் வழியா ஊரைச் சுத்தித்தான் வர்றேன்.”

காவல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நான் ஃபேன் சுவிட்சைத் தொட்டேங்க. ஒன்பது மணிக்கு முதலாளியோட மச்சான் அணைச்சாரு. வாசல்ல இருக்கிற சுவிட்சுதானே, நான் திரும்பப் போட்டேன்.”

“ஏன்?”

“அந்த மூலையில வார்னிஷ் அடிச்ச வயலின் அஞ்சு தொங்குது. காயணும்ல? இந்தக் கடையில சாமான் காயற வரைக்கும் ஃபேனை அணைக்கக் கூடாதுங்க.”

“குளிருச்சு, அணைச்சேன்,” என்றார் மச்சான். அவர் நெற்றியில் ஒரு குளம் வெட்டலாம் போல வியர்வை.

4.15. ஏனம்மா நேற்றைய பதிவு ஒன்றையும் இன்றைய பதிவு ஒன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு கேமரா மாட்டியவருக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

“ஏம்பா, மூணு மாசமா ஃபேனுக்கு எப்படிக் கத்தாம இருந்துச்சு?”

“கட்டம் போட்டேன் மேடம். ஃபேனைச் சுத்தி ஒரு கட்டம். அதுக்குள்ள என்ன ஆடினாலும் கண்டுக்காதேன்னு சொல்லி வெச்சேன்.”

“அந்தக் கட்டம் இருக்கிறது சுவத்துலயா, படத்துலயா?”

“படத்துலதான். கேமராவைத் திருப்பினா கட்டமும் கூடவே திரும்பும்.”

“இது யார் யாருக்குத் தெரியும்?”

“அன்னைக்கு ஏணி பிடிச்சாரே, முதலாளியோட மச்சான். அவருக்கு மட்டும்தான் விளக்கினேன். துருவித் துருவிக் கேட்டாரு.”

எல்லோர் தலையும் மின்விசிறி மாதிரி மச்சான் பக்கம் திரும்பியது.

“நேத்துக் கடிகாரம் முழுசா இருக்கு, இன்னைக்குப் பாதி,” என்றார் ஏனம்மா. “வலை துடைக்கிற சாக்குல கேமராவை ஒரு சாண் வலது பக்கம் திருப்பினீங்க. ஃபேன் மேல இருந்த கட்டம் அலமாரி மேலயும் கதவு மேலயும் வந்து உட்கார்ந்துச்சு. பாலிஷ்காரர் ஊரைச் சுத்தி டீக்குப் போன நேரமாப் பார்த்து, அவர் அறை வழியா கையை நீட்டி எடுத்துட்டீங்க. கட்டத்தை விட்டு வெளிய வந்த ஃபேன் கத்தும்னு தெரியும். அதனாலதான் குளிருச்சு. அப்புறம் ஃபேன் திரும்ப ஓடினாலும், முதலாளி சத்தத்தை அமுக்கினதும் தைரியம் வந்துடுச்சு.”

“கற்பனை!” என்று சீறினார் மச்சான். “கேமராதான் அலமாரியைப் பார்க்கலைனு நீங்களே சொல்றீங்க. சாட்சி எங்க?”

ஏனம்மாவுக்கு அல்வா கிடைத்த மாதிரி முகம் மலர்ந்தது. “கட்டம்னா கண்டுக்காதேன்னுதான் அர்த்தம், படம் எடுக்காதேன்னு இல்லை. ஃபேனுக்காகக் கத்தும்போதெல்லாம் முழு மூலையும் அரை நிமிஷம் பதிவாகும். நூத்தி முப்பத்தேழு பதிவு. ஃபேன்தானேன்னு ஒருத்தரும் திறந்து பார்க்கலை.”

பார்த்தார்கள். எண்பத்தெட்டாவது பதிவு, 12.39. மின்விசிறி இடமும் வலமும் தலையாட்டுகிறது. அதற்கு அந்தப் பக்கம் கதவு திறக்கிறது. மச்சான் கையை நீட்டுகிறார், வயலினை எடுக்கிறார், போகிறார். மின்விசிறி வேண்டாம் வேண்டாம் என்பதுபோல் ஆடிக்கொண்டே இருக்கிறது.

4.50. மச்சானின் அறைப் பரணில், கேமரா சாமான்கள் வந்த அட்டைப் பெட்டிக்குள் வயலின் சுகமாகத் தூங்கியது.

“ஒருத்தர் ரொம்ப நாளா இதை விலைக்குக் கேட்டுக்கிட்டே இருந்தாரு மாமா...” என்றார் மச்சான். முதலாளி அவர் பக்கம் திரும்பவில்லை. காவல்காரம்மாவின் முன்னால் போய் நின்றார்.

“அம்மா, மன்னிச்சிருங்க.”

“என்கிட்ட மட்டும் சொன்னா எப்படிங்க? திருடின்னு எங்க சொன்னீங்களோ, அங்க சொல்லுங்க.”

5.02. வியாபாரிகள் குழுவில் எண்பத்தெட்டாவது பதிவு போயிற்று. கீழே, முதலாளி அதே விரலால் தட்டிய வரி: “திருடியது என் மச்சான். கண்டுபிடிக்க வைத்தது எங்கள் காவல்காரம்மா போட்ட ஃபேன்.”

காவல்காரம்மா அதை இரண்டு முறை படித்துப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய், சுவிட்சுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வார்னிஷ் இன்னும் காயவில்லை.