‘வாரேன்’ என்றொரு வசனம்

‘வாரேன்’ என்ற சொல்லுக்குப் பின்னால் வண்டியின் சைடு ஸ்டாண்டைத் தட்டிவிடும் சத்தம் கேட்டது. இளவேனில் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மறுபடி ஓட்டினாள். இருந்தது. டக்கென்று ஒரு சத்தம், அப்புறம் ஸ்பிரிங் லேசாக முனகுவது. எண்ணெய் விடச் சொல்லி அவள் எத்தனை நச்சரித்தும் கதிரேசன் கடைசிவரை விடாத அந்த ஸ்பிரிங்.

குரல் அவள் புருஷன் கதிரேசனுடையது. பேசியது அவன் இல்லை. அவன் செத்துப் பதினோரு மாதம் ஆகிறது. அவன் எழுதி இயக்கிப் பாதியில் விட்டுப்போன படத்தை எப்படியாவது முடித்துக் கொடுக்கச் சொல்லித் தயாரிப்பாளர் சுந்தரராஜுலு கேட்டிருந்தார். செத்துப்போன ஒருவனின் நினைவுகளையெல்லாம் ஓர் இயந்திரத்துக்குள் ஏற்றுகிற கதை. இயந்திரத்துக்குக் கதிரேசனே குரல் கொடுத்துவந்தான். அவன் பேசிவைத்த பதிவுகளைக் கணினிக்குப் பழக்கி, மிச்ச வசனங்களை அதன் வாயால் பேசவைப்பது டப்பிங் எடிட்டரான இளவேனிலின் வேலை. செத்தவன் குரலுக்கு ஒட்டுப்போடப் பெண்டாட்டியைவிடத் தோதான ஆள் யார் கிடைப்பார்கள் என்று அவள் கசப்போடு நினைத்துக்கொண்டாள்.

படத்தில் வருகிற கேள்வியை அவன் சோற்றுத்தட்டின் முன்னாலும் விடமாட்டான். “அத்தன நெனப்பும் அப்படியே இருந்தா, அது நானில்லாம வேற யாரு அம்மணி?” என்பான். நினைப்பு மட்டும் இருந்தால் மனுஷன் ஆகிவிடுமா என்று இவள் ரசத்தை ஊற்றுவாள். செத்தவனைத் திருப்பிக் கொண்டுவருவதைப் பற்றி அவ்வளவு பேசியவனுக்கு உயிரோடு இருந்தவளோடு பேச நேரமில்லாமல் போயிற்று. அவன் செத்த அன்று காலையில் நடந்த சண்டை அதில் வந்ததுதான். “போங்க, யாரு வேண்டாம்னாங்க” என்று அவள் அடுப்படியில் இருந்தே சொன்னாள். அவன் வாசலில் நின்று “போறேன்” என்றான்.

இந்தப் பக்கம் பால் பாக்கெட் வாங்கக் கிளம்புகிறவன்கூட ‘வாரேன்’ என்றுதான் சொல்லிக் கிளம்புவான். வீட்டில் இருப்பவர்கள் ‘வாங்க’ என்பார்கள். கதிரேசன் அதை வேண்டுமென்றே மாற்றிச் சொன்னான். தன் படத்து இயந்திரத்துக்கும் கடைசி வசனமாக ‘போறேன்’ என்பதைத்தான் எழுதிவைத்திருந்தான். அன்று உக்கடம் தாண்டுவதற்குள் லாரி.

அதனால் இன்று அவள் யாரையும் கேட்காமல் ‘போறேன்’ என்பதை அழித்து ‘வாரேன்’ என்று அடித்தாள். அந்த வாயிலிருந்து ஒரே ஒரு தடவை அது வந்து கேட்டுவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நம்பினாள். வந்தது. பழக்கதோஷத்தில், கொஞ்சமும் யோசிக்காமல், “வாங்க” என்று பதில் சொன்னாள். எதிரே மைக் ஆனில் இருந்ததை அவள் கவனிக்கவில்லை.

இரண்டாம் தடவை ஓட்டியபோதுதான் ஸ்டாண்டு சத்தம்.

மாலை நாலு மணி, ஆனால் மாடியில் ஒலிப்பதிவுக்கு வைத்திருந்த அந்தச் சின்ன அறைக்குப் பகலும் இரவும் ஒன்றுதான். எதிரொலி வராமலிருக்க ஜன்னலை அடைத்து, நாலு சுவரிலும் கதவின் உள்பக்கமும் பவானி ஜமக்காளங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள், அவற்றின் சிவப்புப் பட்டைகளுக்குள் இத்தனை வருஷத்துத் தூசியும் அவன் குடித்த சிகரெட்டின் வாடையும் இறங்கிக்கிடந்தன, கணினியின் விசிறி ஒரே சீராக இரைந்துகொண்டிருக்க, அவள் தன் எச்சிலை விழுங்குவதுகூடத் தனக்கே கேட்கிற அளவுக்கு அங்கே அமைதி இருந்தது. பழைய பதிவு எதிலோ வண்டிச் சத்தம் கலந்திருக்கும், அதைக் கணினி பிடித்துக்கொண்டது என்று சொல்லிக்கொண்டாள். அந்தக் கோப்பை அழித்தாள். புதிதாகச் செய்யச் சொன்னாள்.

“வாரேன்.” அதன் பின்னால், கீழே தெருக்கேட்டின் கொண்டியைத் தூக்கும் சத்தம்.

அதையும் அழித்தாள். மறுபடி செய்தாள்.

“வாரேன்.” இப்போது இரும்புப் படிக்கட்டு. இடதுகாலை லேசாக இழுத்து, செருப்பைத் தேய்த்து ஏறுகிற அவன் நடை. அவள் எண்ணினாள். பதின்மூன்று. அதோடு பதிவு முடிந்தது.

அந்தப் படிக்கட்டுக்குப் பதினாலு படி.

ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். சத்தமில்லை. கணினி விசிறிகூட நின்றிருந்தது.

பதினாலாவது படி, கதவுக்கு வெளியே, கேட்டது.

செருப்பைக் கழற்றும் சத்தம். ஒன்று. இன்னொன்று. கதவில் தொங்கிய ஜமக்காளம் மெதுவாக உள்பக்கம் உப்பி, மறுபடி தணிந்தது. ஒரு வாடை வந்தது. சிகரெட் வாடை இல்லை. பிணவறையில் துணியை விலக்கிக் காட்டியபோது அடித்த மருந்து வாடை.

நீ யாரென்று கேட்க வழியில்லை. கதிரேசன் என்றுதான் சொல்லும். எதைக் கேட்டாலும் சரியாகச் சொல்லும்.

கூப்பிட்டவள் அவள். திருப்பி அனுப்ப அவளிடம் இருந்ததும் ஒரே சொல்தான். அந்தச் சொல்தான் அவனைக் கொன்றது என்று பதினோரு மாதமாக நம்பி, ராத்திரியெல்லாம் தன்னைத்தானே சபித்துக்கொண்டிருந்தாள். வாய் வரவில்லை. உதட்டை மைக்கின் பக்கம் கொண்டுபோனாள்.

“போங்க.”

ஜமக்காளம் அசையவில்லை. அவள் மூச்சுவிட்டாள். போய்விட்டது என்று நினைத்தாள்.

மேசைமேல் கிடந்த ஹெட்போனுக்குள்ளிருந்து, சின்னதாக, மூக்கடைத்த குரல்.

“அன்னிக்கும் இதயேதான சொன்னே அம்மணி.”

அந்தக் காலையை யாரும் பதிவு செய்யவில்லை. எந்தக் கோப்பிலும் அது இல்லை. அடுப்படியில் அவள் இருந்தாள். வாசலில் அவன் இருந்தான். அவ்வளவுதான்.

விளக்கு அணைந்தது. திரை மட்டும் எரிந்தது. அதில் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. மைக்கின் முன்னால் விடும் மூச்சுக்கு ஏற்ப ஒரு பச்சைக்கோடு ஏறியது, இறங்கியது.

தன் மூச்சுதான். அப்படித்தான் இருக்க வேண்டும்.

இரண்டு கையாலும் வாயையும் மூக்கையும் பொத்தினாள். மூச்சை அடக்கினாள்.

கோடு ஏறியது. இறங்கியது. ஏறியது.