1043-க்குச் சொந்தமானவை

அவள் பராமரிக்கும் ஆபீஸ் இணையதளத்தின் கோப்புப் பட்டியலில், உரிமையாளர் என்ற இடத்தில் அவள் பெயர் இருக்க வேண்டிய வரிசையில், ஒரே ஒரு கோப்புக்கு மட்டும் 1043 என்று வெறும் எண் இருந்தது.

சனியன், கிளம்பும் நேரத்திலா இது? வீட்டில் நான்கு வயது மகளுக்குக் காய்ச்சல். கணவன் லீவு போட்டுப் பார்த்துக்கொள்கிறான். மூன்று மணிக்குள் வந்துவிடுகிறேன் என்று குழந்தையிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

1043 அவளுடைய எண்தான். சர்வருக்குப் பெயரெல்லாம் ஒரு பொருட்டே அல்ல. அதற்கு ஆள் என்றால் எண். கணக்கை நீக்கினால் பெயர் போய் எண் மட்டும் நிற்கும். அதே எண்ணை வேறொருவருக்குக் கொடுத்தால், பழைய ஆளின் கோப்புகள் மொத்தமும் கேள்விமுறை இல்லாமல் புதியவருக்குச் சொந்தம்.

போன மாதம் அவளே அதைச் செய்தாள். கூட வேலை பார்த்த, சுருட்டை என்று எல்லோரும் கூப்பிடுகிற ஆள் உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மேனேஜர் வாயெடுத்ததுதான் தாமதம், ஒரே வரியில் அவன் கணக்கை நீக்கி, எண்ணைப் புது ஆளுக்குக் கொடுத்தாள். சுருட்டை போனில் கெஞ்சினான்.

"அக்கா, ரெண்டு நாள் பொறுத்திருக்கலாமே. என் பொண்ணு போட்டோ எல்லாம் அதுலதான் வச்சிருந்தேன்."

ஆபீஸ் சர்வர் என்ன உன் வீட்டு அலமாரியா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அடுத்த வாரம் அவன் செத்துப்போனான். அவளுக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை.

இப்போது இரண்டாவது கோப்பும் எண்ணானது. ஏசியின் முனகலும், சூடேறிய தூசியின் வாடையும், ஜன்னல்திரையின் வரிவரியான நிழலும் மேசைமேல் கவிந்திருக்க, பட்டியல் மேலிருந்து கீழாக, யாரோ விரலால் வழித்துக்கொண்டு போவதுபோல், அவள் பெயரை ஒவ்வொன்றாக இழந்துகொண்டே போனது. உரிமையை மாற்றும் கட்டளையை அடித்தாள். அனுமதி இல்லை. மறுபடி அடித்தாள். அனுமதி இல்லை.

பிறகு எண்கள் மறைந்து பெயர் வந்தது. அவள் பெயரேதான். அப்பாடா என்று ஒரு கோப்பைத் திறந்தாள்.

அனுமதி இல்லை.

அவள் பெயரில், அவள் எண்ணில், வேறு யாரோ உள்ளே இருந்தார்கள். தெரிந்த குரல் ஒன்றைக் கேட்டால் போதும் என்றிருந்தது. கணவனுக்கு போன் போட்டு, குழந்தைக்கு எப்படி இருக்கிறது, இதோ கிளம்பிவிட்டேன் என்றாள்.

"நீங்க யாருங்க பேசறது? அவ அப்பவே வந்துட்டாளே. பாப்பா பக்கத்துலதான் இருக்கா."

ஓடினாள். பையை எடுக்கவில்லை. லிஃப்டுக்கு நிற்கவில்லை. தெருவில் யார் மேலோ மோதினாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மணி அடித்ததும் மகள்தான் கதவைத் திறந்தாள். மண்டியிட்டு மகளின் நெற்றியைத் தொட்டாள். நெருப்பாகக் கொதித்தது. குழந்தை பின்னால் நகர்ந்து, உள்ளே பார்த்துக் கத்தியது.

"அம்மா, யாரோ ஆன்ட்டி வந்திருக்காங்க."

பெயர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தாள். வரவில்லை. மாதக்கணக்கில் தேடித்தேடி அவளே வைத்த பெயர். நாக்கில் இல்லை. நெஞ்சில் இல்லை. எங்கும் இல்லை.

உள்ளேயிருந்து அவளுடைய குரலே அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. குரல் கேட்டது. பெயர் மட்டும் கேட்கவில்லை.

குழந்தை ஓடியது. கூடத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவளின் மடியில் ஏறிக்கொண்டு, வாசலில் நின்றவள் தொட்ட நெற்றியைச் சட்டைக் கையால் துடைத்தது. மறுபடி துடைத்தது.

குழந்தையின் தலைக்கு மேலே அவளுடைய முகமே. அது அவளைப் பார்த்து, நிதானமாக, சிரித்தது.