விலாசம் ஒட்டிய பியானோ

அப்பா பியானோ கற்றுக்கொள்ளத் தொடங்கிய நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் புரியவில்லை. அப்பாவுக்கே புரியவில்லை என்பதுதான் வேடிக்கை.

பியானோ எங்களுடையது இல்லை. நாங்கள் குடிவந்தபோதே கூடத்து மூலையில் நின்றுகொண்டிருந்தது. வீட்டுக்காரம்மா மாடிக்குக் குடிபோனபோது, அதைத் தூக்க ஆள் கிடைக்காமல் கீழேயே விட்டுவிட்டாராம். அதன் அடியில் தம்பி பொம்மைக் கார் ஓட்டுவான். அம்மா அதன் மேல் துணி மடித்து வைப்பார். அப்பா மட்டும் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் மூடியைத் திறந்து ஒரே ஒரு கட்டையை அழுத்துவார். 'டிங்' என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிடும்.

ஒருநாள் பழைய புத்தகக் கடையிலிருந்து ஒரு புத்தகத்தோடு வந்தார். 'ஆசிரியர் வேண்டாம், நீங்களே பழகலாம்' என்று அட்டையில் போட்டிருந்தது.

"நாற்பத்தஞ்சு வயசுல எதுக்குங்க இது?" என்று அம்மா கேட்டார். அம்மாவுக்குப் பல் மருத்துவமனையில் வேலை. நாள் முழுக்க இயந்திரம் பல்லைக் குடைகிற சத்தம் கேட்டுப் பழகியவர்.

"ஆசையா இருக்கு, அவ்வளவுதான்" என்றார் அப்பா.

மறுநாள் முதல் அம்மா காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவர். அங்கே சுவர் முழுக்கச் சின்னச் சின்ன அறைகள் உள்ள அலமாரி இருக்கும். ஒவ்வோர் அறைக்கும் ஓர் எண். கடிதத்தைப் பார்ப்பார், எண்ணைப் பார்ப்பார், வீசுவார். குறி தப்பவே தப்பாது. அதனால் எண் இல்லாத எதைக் கண்டாலும் அவருக்குக் கை ஓடாது. எங்கள் சமையலறை டப்பாக்களுக்குக்கூட எண் உண்டு. சர்க்கரை ஏழு. உப்பு எட்டு. ஒருமுறை அம்மா டப்பாவை மாற்றி வைத்துவிட, ஏழாம் எண்ணை நம்பி அப்பா உப்புக் காப்பி குடித்தார்.

புத்தகத்தைத் திறந்ததும் அவர் நான்கு பக்கங்களை ஒரே தள்ளாகத் தள்ளினார்.

"முன்னுரையை எல்லாம் எவன் படிப்பான்? நேரா பாடத்துக்குப் போவோம், வாண்டு."

வாண்டு நான்தான். ஐந்தாம் வகுப்பு படிக்கிறேன். ஆனாலும் அப்பாவுக்கு நான் வாண்டுதான்.

முதல் பாடத்தில் ஐந்து கோடுகள். அதில் ஏறுவதும் இறங்குவதுமாகக் கறுப்புப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் மேலே ஓர் எண். கீழே வலது கையை எங்கே வைக்க வேண்டும் என்று படம் போட்டு, ஐந்து கட்டைகளைக் கறுப்பாக்கியிருந்தார்கள். அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பாத்தியா! ஒவ்வொரு கட்டைக்கும் விலாசம் குடுத்திருக்காங்க!"

காகிதத்தை வெட்டி, 1, 2, 3, 4, 5 என்று எழுதி, இடமிருந்து வலமாக அந்த ஐந்து கட்டைகளிலும் ஒட்டிவிட்டார்.

"அப்ப இந்தப் புள்ளியெல்லாம் எதுக்குப்பா?"

"அது சும்மா அலங்காரத்துக்கு. நீ நம்பரைப் பாரு."

அப்படியே வாசித்தார். சரியாக வந்தது! எட்டுப் பாடம் வரைக்கும் வலது கையால் எல்லாமே சரியாக வந்தது. நான்காம் பாடத்தில் இருந்த ஏணிப் பாட்டு எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. படிப்படியாக மேலே ஏறி, உச்சியில் கொஞ்சம் நின்று, அப்புறம் குதித்துக் கீழே வரும்.

அந்தச் சமயத்தில்தான் வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"துணிக்கடைக்காரர் ஒருத்தர் பியானோவைக் கேக்குறாரு. கடை வாசல்ல அழகுக்கு வைக்கணுமாம். இங்க சும்மாதானே கெடக்கு?"

அப்பா பதறிப்போனார். "சும்மா இல்லீங்கம்மா! நான் பழகிட்டிருக்கேன்."

"ஒத்தக் கையில டொக்கு டொக்குனு தட்டுறீங்களே, அதையா சொல்றீங்க? அது மாடி வரைக்கும் கேக்குது." கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி. சனிக்கிழமை நாலு மணிக்கு வர்றேன். ரெண்டு கையாலயும் ஒரு பாட்டு வாசிங்க. வாசிச்சா இது இங்கயே இருக்கட்டும். இல்லேன்னா வண்டிய வரச் சொல்லிடுவேன்."

அன்று செவ்வாய்க்கிழமை.

ஒன்பதாம் பாடத்தைத் திறந்தோம். அதே ஏணிப் பாட்டு, ஆனால் இரண்டு கைக்கும். இடது கைக்கு வேறு ஐந்து கட்டைகளைக் கறுப்பாக்கிக் காட்டியிருந்தார்கள். அப்பா அதிலும் 1 முதல் 5 வரை ஒட்டினார்.

"திரும்பவும் ஒண்ணுலேருந்தாப்பா?"

"இது வேற தெரு, வாண்டு. வேற தெருவுல கதவு நம்பர் ஒண்ணுலேருந்துதானே வரும்?"

நியாயமாகத்தான் தோன்றியது. அப்பா இடது கையால் வாசித்தார். நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஏற வேண்டிய பாட்டு இறங்கியது. குதிக்க வேண்டிய இடத்தில் எம்பியது. இரண்டு கையையும் சேர்த்தால் வலது கை மாடிக்குப் போனது, இடது கை தெருவுக்கு ஓடியது.

"இது சரியா, தப்பா?" என்று கேட்டார் அப்பா.

"தெரியலையேப்பா."

"எண்ணெல்லாம் சரியாத்தான் இருக்கு. அஞ்சு, நாலு, மூணு. அப்புறம் எப்படி?"

நான் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். தம்பியும் தலைகீழாக நின்று பார்த்தான். ஒன்றும் விளங்கவில்லை. புள்ளிகள் மேலே ஏறிக்கொண்டிருந்தன, எண்களோ இறங்கிக்கொண்டிருந்தன. இன்னொன்றும் என்னைக் குழப்பியது. புத்தகத்தைக் கடைசி வரை புரட்டிவிட்டேன். எங்கேயும் ஆறு இல்லை. இவ்வளவு நீளமான பியானோவில் எப்படி ஆறாம் எண்ணே இல்லாமல் போகும்?

புதனும் வியாழனும் இப்படியே போயின. வெள்ளிக்கிழமை அப்பா பியானோவை மூடிவிட்டார். புத்தகத்தைப் பழைய செய்தித்தாள்களோடு வைத்துவிட்டார்.

"நமக்கு வராது, விடு" என்றார்.

சனிக்கிழமை காலை அவர் மூடியைத் திறக்காமலே வேலைக்குப் போனார். 'டிங்' கேட்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதே 'டிங்' துணிக்கடை வாசலில் ஒரு நாளும் கேட்காது. அங்கே அதன் மேல் சட்டையைத்தான் தொங்கவிடுவார்கள்.

மதியம் அப்பா திரும்பி வந்து, நாற்காலியிலேயே அசந்து தூங்கிவிட்டார். தம்பி பியானோவுக்கு அடியில் உட்கார்ந்து விரல் எண்ணிக்கொண்டிருந்தான். அவனுக்கு மூன்று வயது. புதிதாக எண்ணக் கற்றுக்கொண்டவன், பார்த்ததை எல்லாம் எண்ணுவான். வலது கையை விரித்து, கட்டைவிரலைத் தொட்டு "ஒண்ணு" என்றான். சுண்டுவிரலுக்கு வந்து "அஞ்சு" என்றான். அப்புறம் இடது கையை விரித்தான். அதிலும் கட்டைவிரலைத் தொட்டு "ஒண்ணு" என்றுதான் ஆரம்பித்தான்.

"அடேய், ஆறுடா" என்று சொல்ல வாயெடுத்தேன். சட்டென்று நிறுத்திக்கொண்டேன்.

ஆறு இல்லை! ஒரு கைக்கு ஐந்துதானே!

நான் என் இரண்டு கைகளையும் மூடியின் மேல் விரித்து வைத்துப் பார்த்தேன். வலது கையில் ஒன்றாம் விரல் இடப்பக்கம் இருந்தது. இடது கையில் அது வலப்பக்கம் இருந்தது. புத்தகத்தைத் தேடி எடுத்து ஒன்பதாம் பாடத்தைப் பார்த்தேன். எல்லாம் பொருந்தியது.

அப்பாவை எழுப்பி "நீங்க ஒட்டினது எல்லாம் தப்பு" என்று சொல்லலாம். ஆனால் அவர் ஒவ்வொரு காகிதத்தையும் எவ்வளவு ஆசையாக வெட்டினார் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அதனால் பேனாவை எடுத்துவந்து, மெதுவாக அவருடைய பத்து விரல்களிலும் எண் எழுதினேன். கடைசிச் சுண்டுவிரலுக்கு வந்தபோது கூச்சத்தில் விழித்துக்கொண்டார்.

"யாரு என் கையில விலாசம் எழுதினது?"

"அப்பா, கட்டை எல்லாம் வீடு. சரியா?"

"சரி."

"உங்க விரல் எல்லாம் தபால்காரங்க. ஒரு கைக்கு அஞ்சு பேர். புத்தகத்துல இருக்கிறது வீட்டு நம்பர் இல்லப்பா. தபால்காரர் நம்பர்."

அப்பா வலது கையைப் பார்த்தார். இடது கையைப் பார்த்தார். மறுபடியும் வலது கையைப் பார்த்தார்.

"அப்ப எட்டுப் பாடம் எப்படிச் சரியா வந்துச்சு?"

"வலது கையில ஒண்ணாம் தபால்காரர் ஒண்ணாம் வீட்டு வாசல்லதான் நின்னாரு. இடது கையில அவரு அஞ்சாம் வீட்டு வாசல்ல நிக்குறாரு."

"அடடா! நான் ஊர் முழுக்கக் கடுதாசிய மாத்திக் குடுத்திருக்கேனே!" என்று அப்பா துள்ளி எழுந்தார். "அப்ப இந்தக் காகிதத்தை எல்லாம் கிழிச்சிடவா?"

"வேணாம்ப்பா. கையை எங்க வைக்கணும்னு அது சொல்லட்டும்."

மணி மூன்றே கால். அப்பா வாசித்தார், தவறினார், விரலைப் பார்த்தார், திரும்ப வாசித்தார். நான்கு மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

வீட்டுக்காரம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அம்மா காதிலிருந்து பஞ்சை எடுத்தார். அப்பாவின் நெற்றியில் வியர்வை. இரண்டு கையும் சேர்ந்து ஏற ஆரம்பித்தன. நடுவில் ஓரிடத்தில் நின்றுபோனது. அப்பா தன் இடது கையை ஒரு தடவை பார்த்தார், "நாலாம் ஆளு" என்று முணுமுணுத்தார், தொடர்ந்தார். உச்சிக்குப் போனதும் இரண்டு கையும் சேர்ந்தே கீழே குதித்தன.

தம்பி கை தட்டினான். வீட்டுக்காரம்மா தட்டவில்லை.

"விரல்ல என்ன மை?" என்று கேட்டார்.

நான் சொன்னேன். அவர் புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். மூன்றாம் பக்கத்தில் இரண்டு பெரிய கைகளின் படம் இருந்தது. ஒவ்வொரு விரலிலும் ஓர் எண்.

"இதோ, முதல்லயே போட்டிருக்கே!"

அப்பா தலையைச் சொறிந்தார். "அது முன்னுரைன்னு நெனச்சேங்க."

அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். வீட்டுக்காரம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வண்டியை வர வேண்டாம் என்று சொல்லிவிடுவதாகச் சொன்னார். ஆனாலும் எழுந்து போகவில்லை. பியானோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை வாங்கி இருபது வருஷமாச்சு" என்றார் மெதுவாக. "எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியாமலே தொடாம வெச்சிருந்தேன்."

அவர் இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினார்.

"வாண்டு, அந்தப் பேனா இருக்கா?"

நான் பேனாவின் மூடியைக் கழற்றினேன்.

"கட்டைவிரல்லேருந்துதானே?" என்று கேட்டார்.

"ரெண்டு கையிலயும்" என்றேன்.