அரக்கின் சூடு

உறையின் அரக்கு முத்திரையில் விரல் பட்டதும் அவள் கையை இழுத்துக்கொண்டாள். சூடாக இருந்தது. ஒரு லாரி ஓட்டுநரிடம் போதைப்பொடியைப் பிடித்து, அவர் கண்ணெதிரே முத்திரை வைத்ததாகச் சீட்டில் எழுதியிருந்த தேதி பதினொரு நாள் பழையது.

தடயவியல் ஆய்வகத்தில் மற்ற பரிசோதகர்கள் கிளம்பிவிட்டார்கள். காற்றுப்போக்கியின் முனகலும், தொட்டியில் சொட்டும் நீரும், அமில நெடிக்கு அடியில் சற்றுமுன் அணைத்த தீக்குச்சியின் வாசனையும் அவளைச் சுற்றி நின்றன. எப்போதும் உறையைக் கொடுத்து ரசீதை வாங்கியதும் ஓடிவிடும் போலீஸ் ஏட்டு, இன்று ஸ்டூலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“என்ன மேடம், கவரையே தடவிட்டிருக்கீங்க? சரக்கு உள்ள இருக்கு.”

“அரக்கு இன்னும் ஆறல சார்.”

“வெயில்ல வந்தேன்ல.”

வெளியே காலையிலிருந்து மழை.

‘முத்திரை பழுதின்றி இருந்தது’ என்ற அச்சு வரியின் கீழ் அவள் ஒப்பமிட்டால் ஓட்டுநருக்குப் பத்து வருடச் சிறை. அவள் அதை அடித்துவிட்டு, ‘முத்திரை இன்று வைக்கப்பட்டது, சூடாக உள்ளது’ என்று எழுதினாள்.

ஏட்டு எட்டிப் பார்த்தார். கோபப்படவில்லை.

“படிச்சவங்க, எழுதிட்டீங்க. தம்பி பரீட்சைக்குப் படிக்கிறானாமே? பாவம், வீட்ல தனியா.”

தம்பி இருப்பதை அவள் அவரிடம் சொன்னதே இல்லை.

ஓட்டமும் நடையுமாக வீடு வந்து சேர்ந்தாள். தம்பி புத்தகத்திலிருந்து நிமிர்ந்தான்.

“என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி வர்றே?”

தாழ்ப்பாள் போட்டாள். அலமாரி, கட்டிலடி, மாவு டப்பா, அவனுடைய பை, எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்த்தாள். யாரும் ஒளித்துவைத்த போதைப்பொட்டலம் எதுவும் இல்லை. மூச்சு வந்தது.

வாசலில் ஜீப் நின்றது. என்ஜின் அணையவில்லை.

“யாருக்கா அது?”

“பேசாதே.”

திரையை விரற்கடை விலக்கினாள். ஜீப்புக்குள் விளக்கு. அதே ஏட்டு, அவரோடு முன்பின் தெரியாத இருவர். முதலாமவர் மடியில் மஞ்சள் தாள். தினமும் ஒவ்வொரு உறையோடும் அவள் மேசைக்கு வரும் தாள். வீட்டைச் சோதித்து, கிடைத்ததைப் பட்டியலிட்ட பிறகே சாட்சிகள் ஒப்பமிட வேண்டியது.

ஏட்டு விரல் வைத்து இடம் காட்டினார். முதலாமவர் கையெழுத்திட்டார். பேனா கைமாறியது. இரண்டாமவரும் குனிந்தார்.

கதவை இன்னும் யாரும் தட்டவில்லை.