அழிந்துபோன இருபத்து மூன்று நாட்கள்

ஜூன் 12, வியாழன்.
இன்று கற்றது: கோப்புக்குத் தலைப்பு வரி எழுதுவது.
இன்று செய்த தப்பு: சின்னதுதான். ஓர் எழுத்தை மாற்றிப் போட்டேன். இருபத்து மூன்று நாட்கள் அழிந்துவிட்டன.

இதை எழுதி முடித்த பட்டியல், கொஞ்சம் யோசித்தாள். பிறகு 'சின்னதுதான்' என்ற சொல்லைக் கோடு போட்டு அடித்தாள்.

பட்டியல் என்பது அவளுடைய பட்டப்பெயர். வயது பன்னிரண்டு. எதற்கெடுத்தாலும் பட்டியல் போடுவாள். மாலைக் கணினி வகுப்பில், மூக்குக்கண்ணாடி போட்டதால் 'கண்ணாடி' ஆகிவிட்ட பக்கத்து நாற்காலிக்காரன்தான் அவளுக்கு அந்தப் பெயரை வைத்தவன். "பல் தேய்க்கக்கூட இவ ஒரு பட்டியல் வெச்சிருப்பா" என்பான். அது பொய். போடலாமா என்று அவள் யோசித்தது மட்டும் உண்மை.

அவளுடைய அம்மா ஒரு சரக்குக் கப்பலில் சமையல்காரர். போய் ஏழு மாதம் ஆகிறது. கப்பலில் இணையம் ஆமை வேகம். படம் அனுப்பினால் பாதி வழியில் நின்றுவிடும். வீடியோ கிளம்பவே கிளம்பாது.

அதனால் பட்டியல் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். தினமும் வகுப்பில் ஒரு குட்டி நிரலை ஓட்டுவாள். அது ஒரு கோப்பில் ஒரே ஒரு வரி எழுதும். நாள், ஒரு கமா, யார், ஒரு கமா, என்ன நடந்தது. அவ்வளவுதான். கப்பல் துறைமுகத்துக்கு வரும்போது அந்தக் கோப்பை அனுப்புவாள். எறும்பு எடைதான் இருக்கும்; சட்டென்று போய்விடும். அனுப்பியதும் புதுக் கோப்பு ஒன்றைத் தொடங்குவாள். அம்மா அதைத் திறந்தால் கமா உள்ள இடமெல்லாம் பிரிந்து, கட்டம் கட்டமாக அட்டவணை தெரியும். வீட்டில் நடந்த ஒவ்வொரு நாளும் ஒரு வரிசை.

இந்தச் சனிக்கிழமை மாலை ஆறு மணி வரை கப்பல் துறைமுகத்தில் நிற்கும். அப்புறம் ஐந்து வாரம் நடுக்கடல். ஒரு சொல்கூடப் போகாது, வராது.

தலைப்பு இல்லாத அட்டவணை அவள் கண்ணை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யத்தான் நிரலில் 'ஏ' இருந்த இடத்தில் 'டபிள்யூ' போட்டாள். 'ஏ' என்றால் கணினி இருப்பதற்குக் கீழே எழுதும். 'டபிள்யூ' என்றால் இருப்பதைத் துடைத்துவிட்டு எழுதும். இப்போது கோப்பில் தலைப்பும் இன்றைய வரியும் மட்டும் பளிச்சென்று நின்றன.

"இது எனக்குத் தெரியும்! சிவப்பு மையில எழுதி வெச்சிருக்கேன்" என்றாள், அழாக்குறையாக.

"நோட்டுக்குத் தெரியும். விரலுக்குத் தெரியல" என்றான் கண்ணாடி. அவள் முகத்தைப் பார்த்ததும் குரலை இறக்கினான். "ஒண்ணு செய். 'எல்லாரும் நலம்'னு எழுத வை. இருபத்து மூணு தடவை சுத்த விட்டா ஒரு நொடி வேலை. அம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

அவள் செய்தும் பார்த்தாள். எல்லாரும் நலம். எல்லாரும் நலம். எல்லாரும் நலம். திரை நிறைந்துவிட்டது. அம்மா இதைப் படிப்பதை நினைத்துப் பார்த்தாள். மூன்றாவது வரியிலேயே அம்மா முகம் வாடிவிடும்.

"வேணாம்" என்று எல்லாவற்றையும் அழித்தாள்.

"இன்னிக்கு நீ அழிக்கிறதுல கெட்டிக்காரியா இருக்கே" என்றான் கண்ணாடி.

வீட்டுக்குப் போனதும் நோட்டைப் பிரித்து உட்கார்ந்தாள். தேதிகளை மட்டும் வரிசையாக எழுதிவைத்துவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டாள். ஆறு வயது வாண்டு அவன்.

"போன மாசம் என்னென்ன நடந்துச்சுன்னு உனக்கு ஞாபகம் இருக்காடா?"

"ஓ, இருக்கே!" என்று அவன் கால்சட்டையைச் சுருட்டினான். "இது சைக்கிள்ல விழுந்தது. இது பூனையைத் துரத்தினப்போ. இது பூனை என்னைத் துரத்தினப்போ."

இரண்டு முழங்காலிலும் சேர்த்து ஐந்து நாட்கள் கிடைத்தன.

"அக்கா, இன்னொண்ணு. நான் அம்மா தலையணையை வெச்சுத்தான் தூங்கறேன்."

"அது எந்தத் தேதி?"

"எல்லா நாளும்."

தேதிக் கட்டத்தில் தேதி அல்லாத ஒன்றை எழுத அவளுக்குக் கை வரவில்லை. பேனாவை இரண்டு தடவை உருட்டினாள். பிறகு எழுதினாள்: எல்லா நாளும், தம்பி, அம்மா தலையணை.

அப்பா தையல்காரர். "எனக்கு நேத்து நடந்ததே ஞாபகம் இல்லையே அம்மாடி" என்று கையை விரித்தார். பட்டியல் அவருடைய அளவு நோட்டை எடுத்து வந்தாள். யார் யாருக்கு எந்தத் தேதியில் அளவெடுத்தார் என்று அதில் இருந்தது.

"மே இருபத்தேழு. தபால்காரர் சட்டை."

அப்பா ஊசியை நிறுத்தினார். "ஆமா, அன்னிக்கு நல்ல மழை. அந்தச் சட்டையைக் குடுக்க உங்கம்மா குடையைத்தான் எடுத்துட்டுப் போனேன். விரிக்கல."

"ஏம்ப்பா?"

"நனைஞ்சிடுமேன்னுதான்."

"குடைன்னா நனையத்தானே செய்யும்?" என்று வாண்டு விழுந்து விழுந்து சிரித்தான். அப்பாவும் சிரித்தார். ஆனால் உடனே குனிந்து, ஏற்கெனவே கோத்த ஊசியில் மறுபடி நூல் கோக்கப் பார்த்தார்.

அவர் சொன்னதைச் சொன்னபடியே பட்டியல் எழுதிக்கொண்டாள். அழிந்துபோன கோப்பில் அந்தக் குடை இருந்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் பத்தொன்பது நாட்கள் திரும்பி வந்தன. நான்கு நாட்கள் மட்டும் எவ்வளவு யோசித்தும் யாருக்கும் நினைவு வரவில்லை.

"ஏதாவது போட்டு நிரப்பேன். அம்மா கவலைப்படுவா" என்றார் அப்பா.

"ஞாபகம் இல்லாததை எப்படிப்பா எழுதறது?"

அந்த நான்கு வரிகளிலும் தேதியையும் இரண்டு கமாக்களையும் மட்டும் விட்டாள். கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: ஜூன் 12, நான், கோப்பை அழித்துவிட்டேன். காலியாக இருப்பது என் தப்பு.

நோட்டில் இருந்ததெல்லாம் வகுப்புக் கணினியில் ஏறி, சனிக்கிழமை மாலை நாலரை மணிக்குக் கோப்பு போனது. ஐந்து மணி. ஐந்தேகால். அப்பாவின் கைப்பேசியை மூன்று பேரும் அடுப்பில் வைத்த பாலைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அது ஒலித்தது.

அம்மா 'நலமா' என்றுகூடக் கேட்டிருக்கவில்லை. நான்கே வரிகள்தான்.

மே 24, அம்மா, பெரிய அலை. தட்டெல்லாம் தரையில ஓடிச்சு. முப்பத்தொரு பேருக்கும் பசி.
மே 29, அம்மா, நீ முன்னாடி அனுப்பின கோப்பைப் படிச்சேன். இதோட பதினோரு தடவை.
ஜூன் 3, அம்மா, எனக்கும் ஞாபகம் இல்லடா கண்ணு.
ஜூன் 8, அம்மா, ஜன்னல்ல ஒரு பறவை உட்கார்ந்தது. கரை பக்கத்துலதான்னு நினைச்சேன். இல்லை.

அவள் காலியாக விட்ட அதே நான்கு தேதிகள். கமாக்கூடப் பிசகாமல் இருந்தது. 'யார்' என்ற கட்டத்தில் இதுவரை அப்பா, தம்பி, நான் என்றுதான் மாறி மாறி வந்திருக்கிறது. இப்போது அம்மா நான்கு தடவை வந்திருந்தாள்.

அப்பா அதை மனதுக்குள் படித்தார். வாண்டுவுக்காக ஒரு தடவை உரக்கப் படித்தார். அப்புறம் யாரும் கேட்காமலே இன்னொரு தடவை.

ஆறு மணி ஆனது.

"அக்கா, அஞ்சு வாரம்னா எத்தனை வரி?"

"முப்பத்தஞ்சு."

வாண்டு விரல்களை மடக்கிப் பார்த்தான். விரல் போதவில்லை. அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்துகொண்டான். ஒரு கையால் அவன் தோளை அணைத்தபடி, மறு கையால் பட்டியல் நோட்டைத் திறந்தாள்.

ஜூன் 14, சனி.
நாளைய வேலை: முதலில் கோப்பை நகல் எடுக்க வேண்டும். பிறகு அம்மாவின் நான்கு வரிகளை அந்தந்தத் தேதியில் சேர்க்க வேண்டும்.