நாலு மணிக்கு ஒன்பது பேர்

சாமான் ஏற்றிய வேன் அந்தத் தெருவுக்குள் திரும்பியபோது பிற்பகல் இரண்டரை மணி. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு, "அமைதியான ஏரியாதான் மேடம்" என்றார். நான் பெருமையாகச் சிரித்தேன். ஏதோ நானே அந்தத் தெருவைக் கட்டி முடித்த மாதிரி.

என் கணவர் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். அவரை இந்த ஊர்க் கிளைக்கு மாற்றியதும் வீடு தேடும் வேலை என் தலையில் விழுந்தது. "உனக்குத்தான் குறை கண்டுபிடிக்கிற கண்ணு" என்று சொல்லி அவர் நைசாக நழுவிவிட்டார். உண்மைதான். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பதினோரு வருடம் செக்கிங்கில் இருந்தவள் நான். ஒரு சட்டையைக் கையில் எடுத்தால் தையல், பட்டன், காலர், நூல் பிசிறு எல்லாவற்றையும் நாற்பது நொடியில் பார்த்து முடித்துவிடுவேன்.

வீட்டையும் அப்படித்தான் தேடினேன். ஐந்து பகுதிகள். ஒரு நோட்டில் கட்டம் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், தெருவிளக்கு எரிகிறதா, தண்ணீர் ஒழுங்காக வருமா, வாடகை நம் சக்திக்கு ஏற்றதா என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டேன். முதல் பகுதியில் அழகான பூங்கா இருந்தது. வாடகையைக் கேட்டதும் எனக்கு இருமல் வந்துவிட்டது. இரண்டாவதில் வாடகை சரி, முனையில் மதுக்கடை. மூன்றாவதில் ராப்பகலாக லாரிகள். நாலாவதில் எல்லாமே பிரமாதம், வீட்டுக்காரருக்குத்தான் குழந்தைகள் என்றால் ஆகாதாம்.

நோட்டில் கடைசிக் கட்டத்துக்கு 'பசங்க' என்று தலைப்பு போட்டிருந்தேன். அதற்குத்தான் அதிக மதிப்பெண்.

காரணம் என் மகள். ஏழு வயது. வீட்டில் வாலு என்று கூப்பிடுவோம். அந்தப் பெயர் வைத்தபோது அதற்குத் தகுந்த மாதிரிதான் இருந்தாள். முன்பு இருந்த கட்டடத்தில் அவள் வயதுக் குழந்தை ஒன்றுகூட இல்லை. இரண்டு வருடம் சுவரில் பந்தை அடித்து அடித்துத் தனியாகவே விளையாடியதில் பேச்சு குறைந்துபோனது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுவாள். "இந்த வாட்டி பசங்க இருக்கற தெருவாப் பாக்கறேன்டா கண்ணு" என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஐந்தாவது பகுதியில் இருந்தது இந்தத் தெரு. "குடும்பத்துக்குன்னே அமைஞ்ச இடம்" என்றார் புரோக்கர். புரோக்கர் பேச்சை அப்படியே நம்ப நான் ஒன்றும் நேற்றுப் பிறந்தவள் இல்லை. பள்ளி விட்டு வரும் நேரமாகப் பார்த்து, நாலு மணிக்கு நானே தனியாகப் போய் முனையில் நின்றேன்.

விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில் விட்டபடி தெரு நெடுக ஓடினார்கள். எண்ணினேன். ஒன்பது பேர். அடுத்த வாரம் யாரிடமும் சொல்லாமல் மறுபடி போனேன். ஒன்பது. மூன்றாவது தடவையும் ஒன்பது.

எங்கள் சூப்பர்வைசருக்கு ஒரு பழக்கம். மூன்று பெட்டியைப் பிரித்துப் பார்த்து மூன்றிலும் பழுதான சட்டைகளுக்கு ஒரே எண்ணை எழுதிக் கொடுத்தால் தாளை மேசை மேல் வீசுவார். "எண்ணினியா, இல்ல எழுதினியா?" என்பார். எண்ணினால் ஒன்றிரண்டு முன்னே பின்னே வரத்தான் செய்யும். அதுவும் குழந்தைகள் என்றால் ஒருவனுக்குக் காய்ச்சல் வரும், ஒருத்தி வீட்டுப்பாடம் எழுத உட்காருவாள். அன்றைக்கு இது எதுவும் என் மூளையில் உறைக்கவில்லை. நான்தான் நிஜமாகவே எண்ணினேனே!

அவர்கள் உடையும் என் கண்ணில் பட்டது. அகலமான காலர், இப்போது எந்தக் கம்பெனியிலும் வெட்டாத அளவு. ஒரு பையன் சட்டையில் இரண்டாவது பட்டன் மட்டும் வேறு நிறம். மூன்று தடவையும் அதே சட்டைகள், அதே பட்டன். அண்ணன் போட்டதைத் தம்பிக்குப் போடுகிற வீடுகள் போல, நம்மை மாதிரி கணக்காகக் குடும்பம் நடத்துகிறவர்கள் என்று நினைத்துக்கொண்டேன். மனசுக்கு நிறைவாக இருந்தது. கடைசிக் கட்டத்தில் பத்துக்குப் பத்து போட்டேன்.

முகங்களை நான் பார்க்கவில்லை. செக்கிங்கில் யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

குடிவந்த அன்று, சாமான்களுக்கு நடுவே நின்றபடி, "மணி நாலு ஆகப்போவுது, போய்ப் பாரு" என்று வாலுவைக் கேட்டுக்கு அனுப்பினேன். பந்தை இடுக்கிக்கொண்டு ஓடினாள். அரைமணி நேரம் கழித்துத் திரும்பி வந்தாள்.

"யாருமே இல்லம்மா."

மறுநாளும் இல்லை. தெரு துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. எந்த வீட்டு வாசலிலும் சின்னச் செருப்பு இல்லை, எந்தக் கொடியிலும் சின்னச் சட்டை இல்லை. இதையெல்லாம் முதலிலேயே பார்த்திருக்க வேண்டியவள் நான்.

"என்ன, உன்னோட ஒன்பது பேரும் ஒட்டுமொத்தமா லீவு போட்டுட்டாங்களா?" என்று கணவர் கிண்டல் செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாம் நாள் சமையலறையில் இருந்தேன். வெளியே வாலு சிரிக்கும் சத்தம் கேட்டது. அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கரண்டியைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடினேன். கேட்டுக்கு வெளியே, வெயிலில், அவள் மட்டும் நின்றிருந்தாள்.

பந்தை உருட்டிவிட்டாள். அது எதிர்ச்சுவர் வரை போய் நின்றது.

பிறகு திரும்பி வந்தது.

தெரு சரிவாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் உள்ளே வந்தபோது கன்னமெல்லாம் சிவந்திருந்தது. தலையில் வேர்வை. அவளிடமிருந்து பென்சில் சீவிய வாசனை வந்தது. எங்கள் வீட்டுப் பென்சில்கள் எல்லாம் இன்னும் பிரிக்காத அட்டைப்பெட்டியில் கிடந்தன.

"யாரோட விளையாடினே?"

"அவங்களோடதான். நாளைக்கு ரயில் விடலாம்னு சொன்னாங்க. கடைசிப் பெட்டி நான்தான்." கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "எனக்குன்னு இடம் விட்டு வச்சிருக்காங்கம்மா."

அன்று இரவு நோட்டை எடுத்து அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்துக்குப் பத்து. என் கையெழுத்துதான்.

மறுநாள் கணவர் இரவுப் பணி முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார். கதவைத் தாண்டக் கூடாது என்று வாலுவிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டு, முனைக்கடைக்கு சோப்பு வாங்கப் போனேன். சோப்பு ஒரு சாக்குத்தான். யாரிடமாவது கேட்டாக வேண்டும் போல இருந்தது.

கடைக்கார அக்கா தலை நரைத்தவர். "பச்சைக் கேட்டு வீட்டுக்கு வந்திருக்கீங்களா? புள்ளைங்க இருக்கா?" என்று அவரே ஆரம்பித்தார்.

"ஒரு பொண்ணு. ஏன்க்கா, இந்தத் தெருப் பசங்க எல்லாம் எங்க போயிட்டாங்க?"

"இங்க ஏதும்மா பசங்க? எல்லாம் என்னை மாதிரி வயசானதுங்கதான்."

"நான் பாத்தேனே, மூணு தடவை. ஒன்பது பேர் விளையாடிட்டு இருந்தாங்க."

சோப்பைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"எத்தனை?"

"ஒன்பது."

அவர் கடைக்கு வெளியே ஒரு பார்வை பார்த்தார். குரலைத் தணித்தார். "போன வருஷம் அந்த வீட்டுக்கு வந்த பொண்ணு எட்டுன்னுதானே சொல்லுச்சு."

நான் திரும்பி எங்கள் வீட்டுக் கேட்டைப் பார்த்தேன்.

"வீடு தேடி வர்றவங்க கண்ணுக்கு மட்டும்தாம்மா தெரியுமாம். அதுவும் சின்னப் புள்ள வச்சிருக்கறவங்களுக்கு. குடிவந்துட்டா பெத்தவங்களுக்குத் தெரியாது." சோப்பைத் தராமல் கையிலேயே வைத்திருந்தார். "நாங்க சொன்னா யாரு நம்பறா? அந்தப் பொண்ணும் சிரிச்சுட்டுத்தான் போச்சு."

"அவங்க இப்ப எங்க?"

"மூணு பேரா வந்தாங்க," என்றார். "ரெண்டு பேராப் போனாங்க."

சுவர்க் கடிகாரத்தில் நாலு அடிக்க இரண்டு நிமிடம்.

ஓடினேன். கடையிலிருந்து எட்டு வீடு தள்ளித்தான் எங்கள் வீடு. அவ்வளவு நீளமான தெருவை நான் பார்த்ததே இல்லை.

கேட் திறந்திருந்தது.

வாலு தெரு நடுவில் நின்றாள். மஞ்சள் கவுன். வலது கை முன்னால் நீண்டு, இல்லாத ஒரு சட்டையின் நுனியை இறுக்கிப் பிடித்திருந்தது.

"வாலு!"

திரும்பவில்லை. அவளுடைய நிஜப் பெயரைச் சொல்லிக் கத்தியும் அவளுக்குக் கேட்கவில்லை. பிறகு அவள் ஓடத் தொடங்கினாள். அவள் ஓடினாள் என்று சொல்வதுகூடச் சரியில்லை. இழுபட்டாள். அவளுக்கு முன்னால் வெறும் தெருவில் தடதடவென்று காலடிகள் கேட்டன. நிறையக் காலடிகள். நடுத் தெருவில், பட்டப் பகலில், அந்தப் பென்சில் வாசனை மூச்சை அடைத்தது.

என் மகளின் விளிம்புகள் மங்கிக்கொண்டே போயின.

பின்னால் பாய்ந்து கவுனைப் பிடித்தேன். நான் தைத்த கவுன், இரட்டைத் தையல். டர்ரென்று பிரிந்தது. அடுத்த நொடி மணிக்கட்டு கையில் சிக்கியது. ஐஸ் மாதிரி இருந்தது. இரண்டு கையாலும் பற்றி, தரையில் உட்கார்ந்து, என் எடை மொத்தத்தையும் போட்டு இழுத்தேன். மறுபக்கம் இழுத்தவர்களுக்கும் அவள் வேண்டும் என்பது அந்த இழுப்பில் தெரிந்தது.

சட்டென்று விட்டது. அவள் என் மேல் வந்து விழுந்தாள்.

காலடிகள் நிற்கவில்லை. தெருக்கோடி வரை போய்த் தேய்ந்தன.

சத்தம் கேட்டுக் கணவர் எழுந்து வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் ஆட்டோவைக் கூப்பிட்டார். அரைமணி நேரத்தில் ஒரே ஒரு பெட்டியோடு அவர் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டோம். வாலுவின் ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மற்றதைத் தேட நான் இறங்கவில்லை.

அவள் நன்றாகத்தான் இருந்தாள். எக்ஸ்ரேயில்கூடக் கை எலும்பு பிசகாமல் இருந்தது. சாப்பிட்டாள், தூங்கினாள். நாலு மணி ஆனால் மட்டும் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்துகொள்வாள். கூப்பிட்டால் திரும்பக் கொஞ்ச நேரம் ஆகும். பயந்த குழந்தை, சரியாகிவிடும் என்றார் என் ஓரகத்தி. நானும் அதைப் பிடித்துக்கொண்டேன்.

வேறு பகுதியில் வீடு பார்த்தோம். பக்கத்தில் வெல்டிங் பட்டறை, வாடகையும் கூட. நோட்டை நான் திறக்கவே இல்லை. சாமானை ஏற்றிவிட்டு, பழைய வீட்டுச் சாவியைக் கொடுக்க இரண்டு வாரம் கழித்துப் போனேன். புரோக்கர் வரச் சொன்ன நேரம் மூன்று மணி; அவர் வரும்போது நாலு ஆகிவிட்டது.

அவரோடு ஒரு இளம் தம்பதி வந்திருந்தார்கள். அந்தப் பெண்ணின் இடுப்பில் இரண்டு வயதுக் குழந்தை. புரோக்கரும் கணவனும் உள்ளே போனதும் நான் அவள் கையைப் பிடித்தேன்.

"இந்த வீடு வேணாம்மா. சொன்னாக் கேளு. இங்க பசங்களே கிடையாது."

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். இந்த வீட்டுக்கு நானும் போட்டிக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

"என்னக்கா இப்படிச் சொல்றீங்க? இதோ கண்ணு முன்னாடி விளையாடறாங்க!" தெருவைக் காட்டினாள். வெயிலும் சுவர்களும்தான் எனக்குத் தெரிந்தன. "இப்பத்தான் எண்ணினேன். பத்துப் பேரு."

"ஒன்பது," என்றேன்.

"இல்லக்கா, பத்து. கடைசியா ஒரு பொண்ணு ஓடுது பாருங்க, மஞ்சக் கவுன். பாவம், முதுகுல தையல் விட்டிருக்கு, ஒரு கால்ல செருப்பையும் காணோம்." அவள் சிரித்தாள். "உங்களைப் பாத்துத்தான் கை காட்டுது. தெரிஞ்ச பொண்ணா?"

போனை எடுத்துக் கணவரைக் கூப்பிட்டேன்.

"வாலு எங்க?"

"இங்கதான் இருக்கா. என் மடியில."

"அவகிட்ட குடுங்க."

போன் கை மாறியது. மூச்சு இரைத்தது, வெகுதூரம் ஓடி வந்தவள் மாதிரி.

"அம்மா," என்றாள் என் மகள். "அந்த ஆன்ட்டி என்னையும் சேத்துத்தானே எண்ணினாங்க?"